முடிவுரைக்கு விட்ட இடம்

சீவலக்குறிச்சி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மணியடிக்கும் மாசிலாமணி, அரையாண்டுத் தமிழ்ப் பரீட்சையன்று எட்டு நிமிஷம் முன்னதாக மணியடித்துவிட்டதால், எங்கள் ஊரில் நான்கு காரியங்கள் முடியாமல் போயின. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆபீஸ் ரூம் கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒரு பல்லி, வால் நடுவிலும் தலை ஆறின்மேலும் இருக்கும்படி வெகு ஒழுங்காகப் படுத்திருந்தது. மாசிலாமணி அதைப் பெரிய முள் என்று எடுத்துக்கொண்டு, மணி பன்னிரண்டரை ஆயிற்றே என்று தண்டவாளத் துண்டில் ஓங்கி அடித்தார். நல்ல கண்ணுள்ளவர்களே அன்று ஏமாந்திருப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் முப்பத்தொன்பது பிள்ளைகள். கட்டுரைக்குக் கொடுத்த நாலு தலைப்பில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு முப்பத்தைந்து பேர் நோட்ஸில் உள்ளதை அப்படியே ஒப்பித்து எழுதி, 'ஆகவே நாம் அனைவரும்' என்று தொடங்கும் முடிவுரையையும் போட்டு, நூலால் கட்டி, மணி அடிக்குமுன்பே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் நாலு பேர் நோட்ஸ் வாங்காதவர்கள், அல்லது வாங்கியும் படிக்காதவர்கள். கண்ணெதிரே கண்டதையும் காதில் விழுந்ததையும் சொந்தமாக எழுதிக்கொண்டு போனதால் அவர்களுக்கு நேரம் பிடித்தது. நாலு பேரும் கடைசியாக நீல ஸ்கெட்ச் பேனாவால் 'முடிவுரை' என்று எழுதி, ரெண்டு கோடு கிழித்து, பக்கத்தில் ரெண்டு புள்ளியும் வைத்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது, தாளைப் பிடுங்கிவிட்டார்கள்.

எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்துப் பார்த்து 'ஒரு மழைநாள்' எழுதியவள். அந்த மழை நிற்கவில்லை. ஜொகரா எழுதியது விளையாட்டுப் போட்டியைப் பற்றி. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில் தகரக் கொட்டகையில் அவள் அண்ணன் செய்யது அப்போதுதான் கபடி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தான், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவள் எழுதினாள். அவன் பாட்டு நிற்கவில்லை. தவமணி நூலகத்தைப் பற்றி எழுதினாள், தன் தாய்மாமன் போஸ்ட்மேன் அருளப்பன் ஓய்வு பெற்றதிலிருந்து அங்கே உட்கார்ந்து ஒரே நாவலை வாசித்துவருவதையும் சேர்த்து எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்று அட்டையில் போட்டிருந்த அந்த நாவலுக்கு அன்று சாயங்காலம் முந்நூற்றுப் பதிமூன்றாம் பக்கம் வந்தது.

நாலாவது உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவோம். டைல்ஸ் ஒட்டும் ஆறுமுகநயினாரின் ஒரே மகள். அவள் எழுதியது 'ஒரு பயணம்'. சொந்தமாக அவள் எங்கும் போனதில்லை என்பதால், அன்று காலை ஏழு இருபது பஸ்ஸில் அவள் அம்மா பூமாரி திருப்பூருக்குப் புறப்பட்டுப் போனதை எழுதினாள். அந்தப் பச்சை பஸ் திருப்பூர் போய்ச் சேரவில்லை.

முடியாத காரியங்களோடு குடித்தனம் நடத்த ஒரு ஊருக்கு எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. மழை எங்கள் ஊர் எல்லைக்குள் மட்டும்தான் பெய்தது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வெயில் காய்ந்தது, ஆகவே கேட்டுக்கு அப்பால் வரிசையாகக் கயிறு கட்டி ஊரே துணி உலர்த்தியது. யார் வீட்டு உள்பாவாடை எத்தனை கிழிசல் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனதைத் தவிர அதில் பெரிய கஷ்டமில்லை. செய்யது மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டு கோட்டைத் தொடுவதுபோல் போவதும் விலகுவதுமாக இருந்தான். எதிரணியார் ஏழு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வளைந்து வளைந்து நின்றார்கள். பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, திரும்பி வந்து 'இன்னும் பாடுதானா?' என்று கேட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாளில் ரைஸ்மில் தெருக் கைக்குழந்தைகள் அந்தப் பாட்டுக் கேட்டால்தான் தூங்கின. ஒரு மனிதனின் ஒரே மூச்சு எங்கள் கூரைகளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு நடக்கிற பெண்கள்கூட அந்தக் கொட்டகையைக் கடக்கும்போது தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். நானும் அப்படித்தான் கடந்தேன்.

பச்சை பஸ்ஸோ தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு எங்கள் ஊரைக் கடந்தது. வடக்கே போன பஸ் மறுநாள் தெற்கேயிருந்து வந்து, மறுபடி வடக்கே போயிற்று. இடையில் அது திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. எங்கும் நிற்காது. பள்ளிக்கூடத்து வேகத்தடையில் மட்டும் ஒரு மூச்சு நேரம் தயங்கி ஏறி இறங்கும். அந்த மூச்சு நேரத்துக்காக உள்ளே இருந்த நாற்பத்தாறு பேரின் சொந்தக்காரர்களும் சோற்றுப் பொட்டலம், மாத்திரை, மாற்றுத் துணி, ஒரு தடவை ஆள் உயரக் கரும்புக் கட்டு என்று தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவார்கள். கண்டக்டர் போனுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அதுவும் முடியவில்லை. ஐந்தாம் நாள் முன் சீட்டுப் பையனுக்கும் பின் சீட்டுப் பெண்ணுக்கும் பஸ்ஸுக்குள்ளேயே நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லி ஜன்னல் வழியாக வெற்றிலைத் தட்டு நீட்டினார்கள். ஓடிக்கொண்டே வாங்கிக்கொண்டோம்.

மூன்றாவது ஜன்னலில் பூமாரி இருப்பாள்.

அவள் ஏன் போனாள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் துணி செக்கிங் வேலைக்கு அவளைச் சித்தப்பா மகள் கூப்பிட்டாள். போகிறேன் என்றாள் பூமாரி. ஆறுமுகநயினார் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை. பதினோரு நாள் அந்த வீட்டில் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாமல், உலகுதான் 'அம்மா சோறு வச்சிட்டாவளாம்', 'அப்பா குளிக்கப் போறாவளாம்' என்று இடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் பூமாரி தன் நாலு சேலையையும் கட்டைப் பையில் அடுக்கி, கஞ்சி வடித்த தட்டைக்கூடக் கழுவிக் கவிழ்த்திவிட்டு, பஸ் ஏறினாள். நாலு சேலையையும் எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? உலகுக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது. ஆறுமுகநயினாருக்கும் அதுதான். ஆனால் அவர் அதையும் கேட்கவில்லை.

நாலாம் நாள் தமிழ்த் தாள்களைத் திருத்த உட்கார்ந்த செண்பகவடிவு டீச்சர், அதாவது எங்கள் தமிழம்மா, எஸ்தரின் தாளில் முடிவுரைக்குக் கீழே வெள்ளையாக விட்டிருந்த இடத்தைப் பார்த்து வழக்கம்போல நாலு மதிப்பெண் குறைத்தார். ஜொகராவுக்கும் குறைத்தார். தவமணிக்கும் உலகுக்கும் குறைத்தார். பிறகு குடையை எடுக்க எழுந்தவர், ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார், சுவருக்கு அப்பாலிருந்து வந்த கபடிப் பாட்டைக் கேட்டார், மறுபடி உட்கார்ந்து நாலு தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். நேரே தலைமையாசிரியையிடம் போனார்.

"டீச்சர், நாலு பிள்ளைகளும் முடிவுரை எழுதல. அதான் நாலும் முடியல."

தலைமையாசிரியை சோதனைக்கு வந்த அதிகாரிக்குப் பதில் சொல்லப்போவதுபோல் யோசித்தார். "எட்டு நிமிஷந்தானே போச்சு? எட்டு நிமிஷத்த திருப்பிக் குடுத்திருங்க. மாசிலாமணி, பல்லிய விரட்டிட்டு மணிய பாரும்."

இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எஸ்தர் முதலில் உட்கார்ந்தாள். பதற்றத்தில் பக்கத்துப் பிள்ளையின் நோட்ஸ் வாசகம்தான் அவள் கையில் வந்தது: 'ஆகவே நாம் அனைவரும் மழைநீரைச் சேமிப்போம், மண்ணுலகைக் காப்போம்.' மழைக்கு அது பாராட்டுப் பத்திரம்போல் பட்டிருக்க வேண்டும். தெருவில் இருந்த அத்தனை அண்டா குண்டாவும் நிறையும்வரை குஷியாகக் கொட்டியது. மறுநாள் அவள் கட்டுரையில் சொன்னதையெல்லாம் சுருக்கி, 'இதுகாறும் மழைநாளில் முதலில் இடி இடித்ததையும் பிறகு தூறல் விழுந்ததையும் கண்டோம்' என்று எழுதினாள். மழை பட்டென்று நின்றது. நாங்கள் கைதட்டுவதற்குள் முதல் இடி இடித்தது, பிறகு தூறல் விழுந்தது, எல்லாம் முதலிலிருந்து தொடங்கிற்று. அதற்கடுத்த நாள் முடிவுரை அழகாக இருக்கட்டும் என்று 'மயில்கள் தோகை விரித்து ஆடின' என்று எழுதிவைத்தாள். கட்டுரையில் அதுவரை மயிலே கிடையாது. எங்கிருந்தோ மூன்று மயில்கள் நனைந்துகொண்டு வந்து தலைமையாசிரியை அறையில் பீரோமேல் ஏறி நின்று, தாங்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் விழித்தன. மழை அதுபாட்டுக்குப் பெய்தது.

தமிழம்மா இருபத்திரண்டு வருஷமாக முடிவுரையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நல்ல கருத்தைச் சொல்லி முடி, மேலே சொன்னதைத் தொகுத்துச் சொல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர். அன்று பீரோமேல் நின்ற மயில்களுக்குக் கீழே உட்கார்ந்து, தான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் மழை தள்ளுபடி செய்வதைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. உடம்பு சிலிர்த்தது என்று பிறகு எங்களிடம் சொன்னார். எஸ்தரிடம் அவளுடைய தாளையே கொடுத்து, "நான் ஒண்ணும் சொல்லல பிள்ளா. நீ எழுதினத நீயே ஒருக்க வாசி. எதத் தொடங்கிட்டு அப்பிடியே விட்டிருக்கன்னு பாரு" என்றார்.

எஸ்தர் வாசித்தாள். முதல் பத்தியிலேயே, காலையில் கொடியில் காயப்போட்ட தன் சீருடை நனைந்துபோனதையும், ஈரப் பாவாடையோடேயே பரீட்சைக்கு வந்ததையும் எழுதியிருந்தாள். அப்புறம் இடி மின்னல் தவளை என்று எங்கெங்கோ போய்விட்டு, அந்தப் பாவாடையை அங்கேயே விட்டிருந்தாள். பேனாவை எடுத்தாள். 'என் பாவாடை இன்னும் ஈரமாக இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் முதலில் அதைக் காயப்போட வேண்டும்.'

மழை நின்றது. அது நின்ற விதத்தை எப்படிச் சொல்வது? மேளம் நின்ற மாதிரி இல்லை, குழாயை மூடின மாதிரி இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர் எழுந்து போவதுபோல், சொட்டு சொட்டாக மரியாதையோடு நின்றது. ஓடுகளிலிருந்து ஆவி எழும்ப, ஊரில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து தலையைத் தூக்கிப் பார்த்தோம். வானம் இவ்வளவு பெரிதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். மூன்று மயில்களும் ரயில்வே கேட் பக்கம் நடந்து போயின.

ஜொகரா, 'வெற்றி தோல்வி முக்கியமல்ல' என்று ஆரம்பித்து அடித்தாள், அடித்தாள், கடைசியில், 'பாடுகிறவனுக்கும் மூச்சு வேண்டும்' என்று ஒரு வரி எழுதினாள். தகரக் கொட்டகையில் செய்யது நின்று, வாயைத் திறந்து, ஏழு நாளில் முதல் மூச்சை இழுத்தான். அந்த மூச்சுச் சத்தம் ரைஸ்மில் தாண்டி, மேலத்தெரு தாண்டி, எங்கள் எல்லோர் நெஞ்சுக்குள்ளும் போயிற்று. நாங்களும் விட்டோம். இழுத்ததால் அவன் அவுட் ஆனான். எதிரணி ஏழு பேரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தவமணியை மட்டும் அருளப்பன் விடவில்லை. நாவல் அறுநூறு பக்கம் தாண்டி ருசியாகப் போய்க்கொண்டிருந்தது. "ஒரு பத்துப் பக்கம் பொறு மருமவளே" என்று கெஞ்சியே நாலு நாள் ஓட்டினார். பிறகு அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, எழுது, அந்தக் கதாநாயகிக்கும் வயசாகிட்டு" என்றார்.

மிச்சம் உலகு.

அவள் எழுதமாட்டேன் என்றாள். எட்டு நிமிஷமும் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். பஸ்ஸில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் முதலில் நயமாகச் சொன்னார்கள், பிறகு ஏசினார்கள். நிச்சயம் ஆன பெண்ணின் தாய், கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு பஸ் வந்து நிற்காது தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உலகு நாலு மணிக்கு ஒரு பொட்டலத்தோடு வேகத்தடையில் போய் நின்றுகொள்வாள். தமிழம்மாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

"டீச்சர், இப்பம் நாலு பத்துக்கு எங்க அம்மய பாத்திருதேன். முடிவுரை எழுதிட்டா பஸ்சு திருப்பூர் போயிரும். அப்புறம் அவ வராட்டா?"

 அப்படியானால் வந்தாள் என்று எழுதிவிட்டால் என்ன என்று உலகுவே யோசித்து, மறுநாள் 'பிறகு அம்மா திரும்பி வந்தாள்' என்று எழுதினாள். அன்று சாயங்காலம் பச்சை பஸ் நாலு பத்துக்கு வந்தது, பின்பக்கம் முன்னால் வர, வடக்கேயிருந்து, ரிவர்ஸில், நாற்பத்தாறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நிற்காமல் தெற்கே போய் மறைந்தது. ஜன்னலில் இருந்த பூமாரி மகளைப் பார்க்கவில்லை, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உலகு ஓடிப்போய் அந்த வரியை அடித்தாள்.

"நீ எழுதினதுல வந்தாள்னு எங்கட்டி இருக்கு?" என்றார் தமிழம்மா. "இல்லாதத முடிவுரையில கொண்டாந்து வச்சா மயிலு கததான்." சொல்லிவிட்டு அவரே அந்தத் தாளை எடுத்து, கடைசிப் பத்தியைச் சத்தமாக வாசித்தார்.

'அம்மாவின் பக்கத்து இருக்கைப் பெண் ஏறியதுமே தூங்கிவிட்டார். அம்மா ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "போயிட்டு" என்றார். அப்போது ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மீதி எனக்குக் கேட்கவில்லை. பேருந்து புறப்பட்டது.'

'போயிட்டு' என்ற சொல்லைச் சுற்றி அவரே முன்பு சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் 'பேச்சு வழக்கு, வாக்கியம் முற்றுப்பெறவில்லை' என்று எழுதியிருந்தார். தன் கையெழுத்தின்மேல் தமிழம்மா விரலை வைத்தார்.

"போயிட்டு... இது என்ன சொல்லு உலகு? இலக்கணத்துல?"

"வினையெச்சம், டீச்சர்."

"எச்சம் தனியா நிக்குமா?"

"நிக்காது. முற்று வேணும்." சொல்லிவிட்டு அவள் தமிழம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அப்படித்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது: பஸ் ஓடிக்கொண்டிருப்பது டீசலில் இல்லை, ஒரு வினையெச்சத்தில். பூமாரி அன்று காலையில் போயிட்டு என்று தொடங்கி என்ன சொல்லி முடித்தாள் என்பது தெரிந்தால் போதும். டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போயிட்டு வாரேன் என்றுதான் யாரும் சொல்வார்கள் என்றார் அருளப்பன். கோபத்தில் போகிறவள் அப்படியா சொல்வாள், போயிட்டுப் போன் போடுதேன் என்றிருப்பாள் என்றார் கடைக்காரர். ஆறுமுகநயினார் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, பல நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "போயிட்டுப் பாக்கேன்னு சொல்லியிருப்பா" என்றார். சொல்லிவிட்டு, பாக்கேன் என்றால் வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று எங்களையே கேட்டார். 

பூமாரியிடமே கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் சொல்லி முடியாத ஒரு பேச்சை வாயில் வைத்துக்கொண்டிருப்பவள் வேறு எதையும் பேச முடியாது. தினமும் வேகத்தடையில் அவள் மகளைப் பார்த்து 'போயிட்டு' என்பாள், உடனே ஹாரன் அலறும். டிரைவர் கையைப் பின்னால் கட்டிவைத்தும் பார்த்தார்கள், ஹாரன் தானாக அடித்தது. "என் மேல கோவப்படாதிய, கட்டுரையில அப்பிடி இருக்குல்லா" என்று அவர் ஜன்னல் வழியே கத்திக்கொண்டே போனார். தாளும் பென்சிலும் கொடுத்தோம். மறுநாள் திரும்பி வந்த தாளில் 'போயிட்டு' என்று தெளிவாகவும், அதற்கப்புறம் ஹாரன் அதிர்ச்சியில் பென்சில் ஆடிய நெளிகோடாகவும் இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினாலாம் நாள் ஊரே வேலையை விட்டுவிட்டு வேகத்தடைக்கு வந்து, மாடுகளின் கழுத்து மணியைக்கூடக் கழற்றி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஹாரன் எங்கள் அத்தனை காதையும் அடைத்தது.

அந்தக் கூட்டத்தில் பிலோமினாவும் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்துச் சீருடை எல்லாம் அவள் தைத்ததுதான். பிறந்ததிலிருந்து காது கேட்காது. அளவெடுக்கும்போது நம் வாயையே பார்த்து, நாம் மென்று முழுங்குவதையும் சேர்த்துப் புரிந்துகொள்வாள். பஸ் போன பிறகு, தலையைத் தொங்கப்போட்டு நின்ற எங்களைப் பார்த்து, தன் முரட்டுக் குரலில் சொன்னாள்.

"ஊருல உள்ளவ எல்லாம் காத வச்சுக்கிட்டு நிக்கிய. எனக்கு எந்தக் காலத்துல ஹாரன் கேட்டிருக்கு? என்னய ஏன் ஒருத்தரும் கேக்கல?"

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் நாலு பத்துக்கு உலகுவின் பக்கத்தில் பிலோமினா நின்றாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பச்சை பஸ் வந்தது, வேகத்தடையில் தயங்கியது, மூன்றாவது ஜன்னலில் பூமாரி சொன்னாள், ஹாரன் அலறியது, பஸ் போயிற்று. பிலோமினா உலகுவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"போயிட்டுக்குப் பொறவு போன்னு சொல்ல ரெண்டு உதடும் ஒட்டணும். பாக்கேன்னாலும் ஒட்டணும். சொல்லிப் பாரு."

உலகு சொல்லிப் பார்த்தாள். உதடு ஒட்டியது. ரோட்டில் நின்ற நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமல் சொல்லிப் பார்த்தோம், போன், பாக்கேன், போன், பாக்கேன். இருநூறு வாய்கள் மூடித் திறந்தன.

"உங்க அம்மைக்கு ஒட்டல. மேல்பல்லு கீழ் உதட்டுல பட்டுது. இப்பிடி." பிலோமினா செய்து காட்டினாள். சத்தம் வராமல் அவள் வாயில் அந்த எழுத்து நின்றது. வ.

ஒரு எழுத்து அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ரோட்டில் இருநூறு பேர் மேல்பல்லைக் கீழ் உதட்டில் வைத்துக்கொண்டு நின்றோம். ஆறுமுகநயினார் கூட்டத்தின் பின்னால் நின்று அதையே செய்தார், அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. உலகு மட்டும், "நான் தெனமும் அம்ம கண்ணயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

அடுத்த நாள் காலை மாசிலாமணி கடிகாரத்தைக் கழற்றி மடியிலேயே வைத்துக்கொண்டார். உலகு வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, நீல ஸ்கெட்ச் பேனாவால் தான் எழுதிய தலைப்பை ஒரு தடவை பார்த்து, அதற்குக் கீழே எழுதினாள். எட்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாளைத் தமிழம்மா வாங்கினார்.

'முடிவுரை: வாரேன்'

அவ்வளவுதான். வருகிறேன் என்று இல்லை. வாரேன் என்று, எங்கள் ஊரில் சொல்வதுபோல். தமிழம்மாவின் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. வட்டம் போடவில்லை. கடைசியில் புள்ளி வைக்காமல் விட்டிருந்தாள் அந்தப் பெண், அதற்கும் அரை மதிப்பெண் குறைக்கவில்லை. நாலுக்கு நாலு போட்டு, பேனாவை மூடினார்.

அன்று நாலு பத்துக்கு பஸ் வரவில்லை. பொட்டலத்தோடு ஓடிப் பழகிய கால்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறு மணி வாக்கில் எல்லோருடைய போனும் ஒன்றாக அடித்தது, பஸ் திருப்பூர் சேர்ந்துவிட்டதாம், பக்கத்து சீட்டுப் பெண் விழித்து, அதற்குள்ளேயா வந்துவிட்டது என்று கேட்டாளாம். பூமாரியிடம் போன் இல்லை. மறுநாளும் நாலு பத்துக்கு உலகு வேகத்தடையில் போய் நின்றாள், அதற்கடுத்த நாளும் நின்றாள். தெற்கே வெறும் ரோடு கிடந்தது.  தப்பான முடிவுரை எழுத வைத்துவிட்டேனோ என்று தமிழம்மா சாப்பிடாமல் கிடந்தார்.

சனிக்கிழமை அவள் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, வடக்கேயிருந்து, முன்பக்கம் முன்னால் வர, பச்சை பஸ் வந்தது. வந்து நின்றது. அது நிற்கும் சத்தத்தை நாங்கள் மறந்தேபோயிருந்தோம். கட்டைப் பையோடு பூமாரி இறங்கினாள். மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரீட்ச எப்பிடிட்டி எழுதுன?"

"முடிவுரை எழுதுததுக்குள்ள மணி அடிச்சிட்டாவம்மா," என்று சொல்லி உலகு பையை வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், வீடு போகிறவரை விடவில்லை.

கம்பெனியில் அதற்கு மேல் லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூமாரி மறுபடி பஸ் ஏறினாள். இந்தத் தடவை பையில் ரெண்டு சேலைதான் இருந்தது. வழியனுப்ப யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் ஊரே அங்கே ஏதோ வேலை இருப்பதுபோல் வந்து நின்றது. டிரைவர் ரெண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, ஹாரனைத் தொடவில்லை என்று எல்லோருக்கும் காட்டினார். மூன்றாவது ஜன்னலில் பூமாரி மகளைப் பார்த்தாள், பிறகு, மகளுக்குப் பின்னால் சிமெண்ட் படிந்த கையைப் பிசைந்துகொண்டு நின்றவரைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன்," என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது. கேட்டுவிட்டு நாங்கள் ஆறுமுகநயினாரைப் பார்த்தோம். அந்தப் பதினோரு நாளும், பஸ் ஏறிய அந்தக் காலையிலும் அவர் வாயில் வராமல் நின்றது எதுவென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. டிரைவர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆறுமுகநயினார் ஒரு எட்டு முன்னால் வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வா," என்றார்.

பஸ் புறப்பட்டது.